சிட்டிசனை மணந்தவருக்கு கிரீன் கார்டு: திருமணச் சான்றிலிருந்து பத்தாண்டு அட்டை வரை

அமெரிக்க சிட்டிசனைக் கல்யாணம் செய்துகொண்டால் கிரீன் கார்டு தானாக வந்துவிடும் என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். கல்யாணத்தால் வருவது மனுப் போடும் உரிமை மட்டும்தான். ஆனால் அது பெரிய உரிமை. சிட்டிசனின் கணவனோ மனைவியோ ‘உடனடி உறவினர்’ என்ற வகுப்பில் சேர்கிறார். அந்த வகுப்புக்கு ஆண்டு ஒதுக்கீடு கிடையாது. வேலை வழியாக விண்ணப்பித்துவிட்டு, வரிசைத் தேதிகளை மாதந்தோறும் அறிவிக்கும் விசா புல்லட்டினில் இந்தியாவுக்கான தேதி நகர்ந்ததா என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் ஹெச்-1பி வேலை விசாக்காரர்களின் வரிசையில் இவர்கள் நிற்க வேண்டியதில்லை. துணைவரிடம் கிரீன் கார்டு மட்டும் இருந்தால் அது எஃப்2ஏ என்ற வேறு வகுப்பு. அங்கே வரிசை உண்டு. அவர் சிட்டிசன் ஆனதும் அந்த மனு உடனடி உறவினர் வகுப்புக்கு ஏறிவிடும்.

உண்மையான தம்பதியரின் மனுக்கள் சிக்கிக்கொள்வதற்கு முக்கியமான காரணம், அனுப்பிய தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததுதான். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பிறப்புச் சான்றில் இன்னொரு பெயர், வரிக்கணக்கில் ‘மணமாகாதவர்’, பத்திரிகையில் ஒரு கல்யாண நாள், சான்றிதழில் வேறொரு நாள். அதிகாரிக்கு உங்களைத் தெரியாது, தாள்களை மட்டுமே தெரியும். ஆகவே படிவத்தைத் தொடுவதற்கு முன் தாள்களைச் சரிசெய்யுங்கள். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

கீழே உள்ள கட்டணங்கள் 2024 ஏப்ரல் 1 அன்று நடப்புக்கு வந்த பட்டியலின்படி தரப்பட்டவை. அனுப்பும் நாளில் யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியேற்ற மனுக்களைக் கையாளும் அரசுத் துறை) தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். கட்டணம் ஒரு டாலர் குறைந்தாலும் கட்டு அப்படியே திரும்பி வரும்.

உள்ளிருந்தா, ஊரிலிருந்தா?

மணந்தவர் இப்போது அமெரிக்காவில் இருந்தால், அங்கிருந்தே ‘நிலை மாற்றம்’ கேட்கலாம். அதற்கான படிவம் ஐ-485. ஊரில் இருந்தால் தூதரகம் வழியாகக் குடியேற்ற விசா வாங்கிக்கொண்டு வர வேண்டும். இரண்டுக்கும் முதல் தாள் ஒன்றே: சிட்டிசன் தன் துணைக்காகப் போடும் ஐ-130.

உள்ளிருந்து விண்ணப்பிக்க அசைக்க முடியாத நிபந்தனை ஒன்று உண்டு. கடைசியாக நுழைந்தபோது அதிகாரி சோதித்து அனுமதித்திருக்க வேண்டும், அல்லது பரோல் (முறையான நுழைவு அனுமதியின்றித் தற்காலிகமாக உள்ளே விடுவது) தந்திருக்க வேண்டும். அப்படி முறையாக நுழைந்தவர் பிறகு ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் உள்ள தேதியைத் தாண்டித் தங்கியிருந்தாலும், அனுமதியின்றி வேலை பார்த்திருந்தாலும், உடனடி உறவினர் என்பதால் அந்தக் குறைகள் ஐ-485க்குத் தடையாகா. வேறு பெரும்பாலான வகுப்புகளுக்குச் சட்டம் இவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. ஆனால் தேதி தாண்டியவர் மனு முடியும் முன் நாட்டை விட்டு வெளியே காலடி வைக்கக்கூடாது. 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கிவிட்டுக் கிளம்பினால் மூன்றாண்டுத் தடை, ஓராண்டோ அதற்கு மேலோ என்றால் பத்தாண்டுத் தடை. இந்தத் தடைகள் தங்கியிருக்கும்போது எழுவதில்லை, கிளம்பிய பிறகுதான் எழும். “ஊருக்குப் போய் விசா அடித்துக்கொண்டு வந்துவிடலாம்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு விமானம் ஏறுவதுதான் இந்த விஷயத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு.

கல்யாணம் ஆனாலும் உள்ளிருந்து விண்ணப்பிக்க முடியாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். எல்லையில் சோதனையின்றி நுழைந்தவர்கள் ஒரு கூட்டம். கப்பல் பணியாளர் விசாவில் இறங்கியவர்கள் இன்னொரு கூட்டம். தூத்துக்குடியிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலுக்குப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் சிட்டிசனை மணந்தாலும் இவர்களுக்கு விலக்கில்லை. ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் வந்து, இரண்டாண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டவர் முதலில் அந்த நிபந்தனைக்கு விலக்கு வாங்க வேண்டும். கே-1 வருங்காலத் துணை விசாவில் வந்தவர், அந்த விசாவுக்கு மனுப்போட்டவரை மணந்திருந்தால் மட்டுமே நிலை மாற்றம் கேட்கலாம். இந்த நால்வரும் ஒரு தாளும் அனுப்பும் முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

சுற்றுலா விசாவில் வந்து மணப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. விமான நிலையத்தில் “சுற்றிப் பார்க்க வந்தேன்” என்று சொல்லிவிட்டு, கல்யாணத்தையும் குடியேற்றத்தையும் முன்பே முடிவு செய்து வந்திருந்தால் அது பொய்த் தகவல் ஆகும். பொய்த் தகவலுக்கான தடை ஆயுள் முழுதும் நிற்கும். விலக்கு மனு ஒன்றே வழி. உண்மையிலேயே வந்த பிறகு மனம் மாறியிருந்தால் சிக்கல் இல்லை. மாறியதற்கான சூழலைச் சொல்லத் தயாராக இருங்கள்.

எந்தக் கல்யாணம் செல்லும்?

எங்கே நடந்ததோ அந்த ஊர்ச் சட்டப்படி கல்யாணம் செல்ல வேண்டும் என்பதே பொதுவிதி. கோயில் ரசீதும் மண்டபத்து வீடியோவும் கல்யாணம் நடந்ததைக் காட்டும், சட்டச் சான்று ஆகாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை பதியலாம். கல்யாணம் முடிந்த கையோடு பதிந்துவிடுங்கள். மாப்பிள்ளையோ பெண்ணோ விமானம் ஏறிய பிறகு இருவரையும் மறுபடி அதே அலுவலகத்தில் நிற்க வைப்பது பெரும்பாடு.

யாழ்ப்பாணத்தில் ‘எழுத்து’ எனப்படும் திருமணப் பதிவு ஒரு நாளிலும் தாலிகட்டு வேறொரு நாளிலும் நடப்பது வழக்கம். படிவங்களில் போட வேண்டியது எழுத்து நடந்த நாள். அதேபோல், அமெரிக்காவில் கோர்ட்டில் முதலில் பதிந்துகொண்டு, ஆறு மாதம் கழித்து மதுரையில் ஊர்கூட்டிக் கல்யாணம் செய்பவர்களுக்கு இரண்டு கல்யாண நாள் வந்துவிடுகிறது. சட்டப்படி முதலில் நடந்ததே கல்யாணம். எல்லாப் படிவத்திலும் அந்தத் தேதிதான். இரண்டாவதை ‘சடங்குக் கொண்டாட்டம்’ என்று விளக்கக் கடிதத்தில் எழுதி, படங்களையும் இணையுங்கள். படிவத்தில் ஒரு தேதியும் நேர்காணலில் இன்னொரு தேதியும் வாய்க்கு வந்தால் சந்தேகம் அங்கேயே முளைக்கும்.

காணொளிக் கல்யாணம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அமெரிக்காவில் இருந்த மணமகனுடன் காணொளி வழியாக ஒரு பெண்ணின் திருமணத்தை நடத்தித்தருமாறு மணவாளக்குறிச்சி சார்பதிவாளருக்கு உத்தரவிட்டது. இந்தியாவில் அது செல்லும். ஆனால் இருவரும் நேரில் இல்லாமல் நடந்த கல்யாணத்தை அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் அப்படியே ஏற்காது. அதன்பிறகு இருவரும் சந்தித்துத் தாம்பத்தியம் நடந்திருக்க வேண்டும். அதாவது கல்யாணத் தேதிக்குப் பிந்தைய பயணச் சீட்டு, பாஸ்போர்ட் முத்திரை, ஒரே விடுதி அறை ரசீது எல்லாம் கையில் வேண்டும்.

மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பது நம்மில் இயல்பு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் அத்தகைய திருமணத்தை அனுமதிக்கின்றன. டெக்சஸ் அனுமதிப்பதில்லை. கல்யாணம் ஊரில் செல்லுபடியாக நடந்திருந்தாலும், குடியிருக்கப் போகும் மாநிலத்தின் கொள்கையோடு அது மோதுமா என்பதை அதிகாரி பார்க்க இடமுண்டு. அக்கா மகளை மணந்த தாய்மாமன் என்றால் கேள்வி இன்னும் கடுமை, ஏனெனில் அந்த உறவைக் கிட்டத்தட்ட எல்லா மாநிலங்களும் தடை செய்கின்றன. உறவை மறைக்காதீர்கள். மாநிலத்தை முடிவு செய்யும் முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

மறுமணம் என்றால் முந்தைய ஒவ்வொரு கல்யாணமும் முடிந்ததற்கான தாள் வேண்டும். விவாகரத்து என்றால் நீதிமன்றத் தீர்ப்பாணை, துணை இறந்திருந்தால் இறப்புச் சான்று. பஞ்சாயத்தில் பேசி, பத்திரத்தாளில் எழுதி ‘தீர்த்துவிட்டது’ தனியாக நிற்காது. அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு வழக்காறு உண்டென்று நிரூபிக்க வேண்டியிருக்கும். நீதிமன்ற ஆணை இல்லாமல் மறுமணம் செய்து மனுப்போட்டால், இரண்டாம் கல்யாணமே செல்லாது என்ற பதில்தான் வரும்.

பெயரும் பிறப்புச் சான்றும்

தமிழர் மனுக்களில் அதிகம் தடுக்கும் கல் இதுதான். நமக்குக் குடும்பப்பெயர் இல்லை, அப்பா பெயரின் முதலெழுத்துதான் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டத்தைக் காலியாக விட்டு, முழுப்பெயரையும் பெயர்க் கட்டத்தில் போட்டிருந்தால், அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதல்பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று ஏறும். ‘முதல் பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கம் அது. அதுவே ஓட்டுநர் உரிமத்துக்கும் சோஷியல் செக்யூரிட்டி அட்டைக்கும் பரவும்.

முடிந்தால் மனுவுக்கு முன்பே பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லாப் படிவத்தையும் நிரப்புங்கள். ‘பயன்படுத்திய மற்ற பெயர்கள்’ என்ற பகுதியில் முதலெழுத்தோடு கூடிய பெயர், விரித்த பெயர், எஃப்என்யூ வடிவம், பள்ளிச் சான்றில் உள்ள எழுத்துக்கூட்டல் என ஒன்று விடாமல் எழுதுங்கள். அந்தப் பகுதியைக் காலியாக விடுவது பெரும் பிழை. இவை எல்லாம் ஒரே ஆளைக் குறிப்பவை என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றும் சேர்த்தால் நல்லது. கல்யாணத்துக்குப் பின் பெண் பெயர் மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பாதி இடத்தில் மாற்றி மீதியில் மாற்றாமல் விடுவதைவிட மாற்றாமலே இருப்பது மேல்.

பழைய பிறப்புச் சான்றுகளில் குழந்தையின் பெயர் இருக்காது, ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்று மட்டும் இருக்கும். பதிவு செய்த நகராட்சியிலோ ஊராட்சியிலோ பெயரைச் சேர்த்துப் புதுச் சான்று வாங்குங்கள். பிறப்பே பதியப்படவில்லை என்றால் பதிவு இல்லை என்ற சான்றைப் பதிவாளரிடம் வாங்கி, பிறப்பை நேரடியாக அறிந்த இருவரின் உறுதிமொழிப் பத்திரங்களையும், பள்ளி மாற்றுச் சான்று அல்லது எஸ்எஸ்எல்சி மதிப்பெண் பட்டியலையும் சேர்க்க வேண்டும். உறுதிமொழி தருபவர்கள் வயதில் மூத்த உறவினராக இருக்கட்டும். உங்களைவிட இரண்டு வயது இளைய சித்தப்பா மகன் உங்கள் பிறப்புக்குச் சாட்சி சொல்ல முடியாது.

ஆங்கிலத்தில் இல்லாத ஒவ்வொரு தாளுக்கும் முழு மொழிபெயர்ப்பு வேண்டும். இரு மொழியும் அறிந்த எவரும் செய்யலாம். தான் இரு மொழியிலும் தேர்ந்தவர் என்றும், மொழிபெயர்ப்பு முழுமையாகவும் சரியாகவும் இருக்கிறது என்றும் எழுதிக் கையெழுத்து, பெயர், முகவரி, தேதி போட்டால் போதும். நோட்டரி முத்திரை தேவையில்லை. தம்பதியரே செய்வதைத் தவிர்த்து வேறொருவரைக் கேளுங்கள். முத்திரையில் உள்ள எழுத்து, ஓரக்குறிப்பு எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டும். சுருக்கிக் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள்.

உள்ளிருந்து அனுப்பும் கட்டு

எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் சேர்த்து அனுப்பலாம். உள்ளே இருக்க வேண்டியவை:

ஐ-130, சிட்டிசன் கையெழுத்துடன். தாளில் 675 டாலர், ஆன்லைனில் 625.
ஐ-130ஏ, மணந்தவரின் கடந்த ஐந்தாண்டு முகவரிகளும் வேலைகளும்.
ஐ-485, மணந்தவர் கையெழுத்துடன். 1,440 டாலர்.
ஐ-864, சிட்டிசனின் பொருளாதார உறுதிமொழி. கட்டணம் இல்லை.
ஐ-693, மூடிய உறையில் மருத்துவ அறிக்கை.
வேண்டுமானால் ஐ-765 வேலை அனுமதி, ஐ-485 உடன் என்றால் 260 டாலர். ஐ-131 அட்வான்ஸ் பரோல் (வெளிநாடு போய்த் திரும்புவதற்கான முன் அனுமதி), 630 டாலர்.
சிட்டிசனின் குடியுரிமைச் சான்று: அமெரிக்கப் பாஸ்போர்ட், அல்லது பிறப்புச் சான்று, அல்லது நேச்சுரலைசேஷன் சான்றிதழ் நகல்.
மணந்தவரின் பாஸ்போர்ட், விசா, ஐ-94, பிறப்புச் சான்று நகல்கள். திருமணச் சான்று, பழைய திருமணங்கள் முடிந்த சான்றுகள்.
இருவரின் 2 அங்குலச் சதுரப் பாஸ்போர்ட் படங்கள்.

எல்லாம் சேர்த்தால் 3,005 டாலர், மருத்துவச் செலவு தனி. ஒவ்வொரு படிவத்துக்கும் தனித்தனியாகப் பணம் கட்டுங்கள். மொத்தத்தையும் ஒரே கட்டணமாகப் போட்டால் கட்டு முழுதும் திரும்பும். 2025 அக்டோபர் 28க்குப் பிறகு தாள் மனுவோடு செக் வாங்குவதில்லை. கார்டு என்றால் ஜி-1450 படிவம், அமெரிக்க வங்கிக் கணக்கு என்றால் ஜி-1650 படிவம். கார்டின் வரம்பு போதுமா என்று பார்த்து, முன்பே வங்கியிடம் சொல்லி வையுங்கள், பெரிய தொகையைப் பார்த்து வங்கி மறுத்தால் மனு நிராகரிக்கப்படும்.

படிவத்தின் கீழ் மூலையில் பதிப்புத் தேதி இருக்கும். பழைய பதிப்பும், இரு பதிப்புகளின் பக்கங்கள் கலந்ததும் செல்லா. ஒரே நாளில் புதிதாக இறக்கி, அதிலேயே நிரப்புங்கள். பேனாக் கையெழுத்து விட்டுப்போவது அடுத்த பொதுப்பிழை. அசல்களை அனுப்பாதீர்கள், நகல் போதும். அனுப்பும் கட்டு முழுவதையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்து நேர்காணலில் நீங்கள் எழுதியதை நீங்களே படித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

மணந்தவருக்கு முதல் கல்யாணத்துக் குழந்தை இருந்தால் கவனம். உடனடி உறவினர் வகுப்பில் குழந்தை தாயின் மனுவிலேயே சேராது. சிட்டிசன் தன் துணையின் குழந்தைக்குத் தனி ஐ-130 போட வேண்டும். கல்யாணம் நடந்தபோது குழந்தைக்கு 18 வயது ஆகாமல் இருந்திருக்க வேண்டும்.

மருத்துவப் பரிசோதனை

யுஎஸ்சிஐஎஸ் அங்கீகரித்த, சிவில் சர்ஜன் எனப்படும் மருத்துவரிடம் மட்டுமே போக வேண்டும். 2024 டிசம்பர் 2 முதல் ஐ-693 அறிக்கையை ஐ-485 உடனேயே அனுப்ப வேண்டும், பிறகு தருகிறேன் என்றால் மனுவே திரும்பலாம். அந்த அறிக்கை அதனோடு சென்ற மனு நிலுவையில் இருக்கும் வரைதான் செல்லும். மனு நிராகரிக்கப்பட்டுப் புதிதாகப் போட்டால் பரிசோதனையும் புதிதாகத்தான்.

தடுப்பூசி அட்டை இருந்தால் ஊரிலிருந்து வரவழையுங்கள், இல்லாவிட்டால் எல்லா ஊசியும் மறுபடி போட வேண்டியிருக்கும். காசநோய்க்கு இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். சிறுவயதில் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்டுக்கொண்டதால் அந்தப் பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் ஆகாது. தோலில் குத்தும் பழைய சோதனையில்தான் அந்தக் குழப்பம். பாசிட்டிவ் வந்தால் மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள், அது சுத்தமாக இருந்தால் மேலே போகலாம். உறையை நீங்கள் பிரிக்கக்கூடாது.

ஐ-864: பணத்தின் கணக்கு

சிட்டிசனின் வருமானம் கூட்டாட்சி வறுமைக்கோட்டின் 125 சதவீதம் இருக்க வேண்டும். 2025 அட்டவணைப்படி இருவர் வீட்டுக்கு 26,437 டாலர், மூவருக்கு 33,312, நால்வருக்கு 40,187. அலாஸ்காவிலும் ஹவாயிலும் இன்னும் அதிகம். அட்டவணை ஆண்டுதோறும் மாறும். தலைக்கணக்கில் சிட்டிசன், மணந்து வருபவர், குழந்தைகள், முன்பு ஸ்பான்சர் செய்து பொறுப்பு முடியாதவர்கள் எல்லாரும் சேர்வார்கள்.

சொந்தக் கடை வைத்திருப்பவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். கடையில் நல்ல வியாபாரம் இருக்கலாம். ஆனால் செலவுகளைக் கழித்து வரிக்கணக்கில் காட்டிய மீதிதான் வருமானம் என்று எடுத்துக்கொள்ளப்படும். போதவில்லை என்றால் சொத்தைக் காட்டலாம். சிட்டிசனின் துணைக்குக் குறையும் தொகையைப்போல் மூன்று மடங்கு போதும். 5,000 டாலர் குறைந்தால் 15,000 டாலர் சேமிப்பு. அதுவும் இல்லாவிட்டால் ஜாயின்ட் ஸ்பான்சர்: 18 வயது நிரம்பி அமெரிக்காவில் குடியிருக்கும் சிட்டிசனோ கிரீன் கார்டு உள்ளவரோ யாராக இருந்தாலும் சரி, உறவினராக இருக்க வேண்டியதில்லை. அப்போதும் சிட்டிசனின் சொந்த ஐ-864 கட்டாயம்.

கையெழுத்துப் போடும் அண்ணனோ நண்பரோ இதன் கனத்தைத் தெரிந்துகொண்டு போட வேண்டும். விவாகரத்து ஆனாலும் பொறுப்பு போகாது. மணந்து வந்தவர் சிட்டிசன் ஆகும்வரை, அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும்வரை, அல்லது நிரந்தரமாக நாட்டை விட்டுப் போகும்வரை, அல்லது இறக்கும்வரை அது தொடரும்.

வரி விஷயத்தில் இன்னொன்று. கல்யாணமான ஆண்டிலிருந்து ‘மணமாகாதவர்’ என்று வரி தாக்கல் செய்யக்கூடாது. கூட்டாகவோ, மணமானவர் தனியாகவோ தாக்கல் செய்யுங்கள். துணைக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டால் டபிள்யூ-7 படிவம் போட்டு, வரி தாக்கலுக்கான ஐடிஐஎன் எண்ணை வாங்கலாம். ஏற்கெனவே தவறாகத் தாக்கல் செய்திருந்தால் திருத்தி அனுப்பிய பிறகே ஐ-864 போடுங்கள்.

வாழ்க்கைக்குச் சான்று

சட்டப்படி கல்யாணம் நடந்தது வேறு, நேர்மையான கல்யாணம் என்பது வேறு. இரண்டாவதைக் காட்டுவது கூட்டு வாடகை ஒப்பந்தம், இருவரும் உண்மையாகப் பயன்படுத்தும் வங்கிக் கணக்கு, காப்பீட்டில் வாரிசுப் பெயர், கூட்டு வரிக்கணக்கு, குழந்தையின் பிறப்புச் சான்று. போன வாரம் திறந்து நூறு டாலர் போட்டு வைத்த கூட்டுக் கணக்கு எதையும் நிரூபிக்காது. சம்பளம் விழுவதும் மளிகைக்கும் வாடகைக்கும் போவதும் அதில் தெரிய வேண்டும்.

பெரியோர் பேசி முடித்த கல்யாணத்தில் ‘காதலித்த காலம்’ இருக்காது. அதற்காகக் கதை கட்டாதீர்கள். எப்படி நடந்ததோ அப்படியே சொல்லுங்கள்: யார் வழியாக வரன் வந்தது, ஜாதகம் யார் பார்த்தது, பெண் பார்த்தது எந்த நாள், நிச்சயம் எங்கே, அதற்கும் கல்யாணத்துக்கும் இடையில் எத்தனை நாள் பேசிக்கொண்டீர்கள். பத்திரிகை, மண்டப ரசீது, இரு வீட்டாரும் நிற்கும் படங்கள், வாட்ஸப் அழைப்புப் பட்டியல், பயணச் சீட்டுகள் இணையுங்கள். முப்பது படம் போதும். ஒவ்வொன்றின் கீழும் நாள், இடம், யார் யார் என்று எழுதுங்கள். எழுநூறு பக்கம் அரட்டை அனுப்பினால் யாரும் படிக்கப்போவதில்லை. மாதத்துக்கு இரண்டு பக்கம் எடுத்து, தமிழில் இருந்தால் மொழிபெயர்த்து அனுப்புங்கள்.

போலிக் கல்யாணத்துக்கு ஐந்தாண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் உண்டு. அதைவிடக் கொடியது, பிறகு உண்மையாகவே யாரை மணந்தாலும் அந்த ஆளுக்காக எந்த மனுவும் ஏற்கப்படாது.

காத்திருக்கும் காலம்

மனு கிடைத்ததாக ரிசீட் நோட்டீஸ் வரும், பிறகு கைரேகையும் படமும் எடுக்கும் பயோமெட்ரிக்ஸ் நாள் வரும். வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11 படிவம் வழியாகத் தெரிவிக்க வேண்டும், தபால் நிலையத்தில் மட்டும் சொன்னால் போதாது. கூடுதல் ஆவணம் கேட்டு ஆர்எஃப்இ வந்தால் கெடுவுக்குள், கேட்ட எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்புங்கள். பாதியை அனுப்பினால் அதையே முழுப் பதிலாக எடுத்துக்கொள்வார்கள்.

பயணம் பற்றி: அட்வான்ஸ் பரோல் கைக்கு வராமல் வெளிநாடு போனால் ஐ-485 கைவிடப்பட்டதாகிவிடும். மாணவர் விசாவில் இருப்பவர், பாட்டி தவறிவிட்டார் என்று பதறி ஓடினாலும் இதுதான் நிலைமை. ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எல்-2 நிலையைத் தக்கவைத்து அந்த விசாவிலேயே திரும்புபவர்களுக்கு விலக்கு உண்டு. ஹெச்-1பி காரர்கள் ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை கிடைத்தாலும் அதைப் பயன்படுத்தாமல் ஹெச்-1பியிலேயே வேலையைத் தொடர்வது நல்லது. ஏதோ காரணத்தால் மனு மறுக்கப்பட்டாலும் நிற்க ஓர் இடம் இருக்கும். 2025இல் வந்த வழிகாட்டுதல்களுக்குப் பிறகு, மனு மறுக்கப்பட்டவருக்கு வேறு சட்டபூர்வ நிலை இல்லாவிட்டால் குடியேற்ற நீதிமன்ற அழைப்பாணை வரலாம். தேதி தாண்டித் தங்கியவர்கள் நேர்காணலுக்கு வழக்கறிஞரோடு போவது அதனால்தான் அவசியம்.

நேர்காணல்

இருவரும் போக வேண்டும். அனுப்பிய எல்லாவற்றின் அசல்கள், அனுப்பிய பிறகு சேர்ந்த புதுச் சான்றுகள், சமீபத்திய சம்பளச் சீட்டு, வரிக்கணக்கு எடுத்துச் செல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைத்துப் போகலாம், ஜி-1256 படிவத்தில் அங்கேயே கையெழுத்திட வேண்டும்.

முதலில் உறுதிமொழி, பிறகு ஐ-485இன் ‘ஆம், இல்லை’ கேள்விகள், பிறகு வாழ்க்கை. காலையில் யார் முதலில் எழுவார், வாடகை எவ்வளவு, மாமியார் கடைசியாக எப்போது வந்தார் என்ற மாதிரிக் கேள்விகள். தெரியாததற்குத் தெரியாது என்றே சொல்லுங்கள். ஊகித்துச் சொன்ன பதில்தான் துணையின் பதிலோடு மோதும். சந்தேகம் வந்தால் தனித்தனி அறையில் ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். ஒத்திகை பார்த்த தம்பதியரின் பதில்கள் அச்சடித்தாற்போல் இருக்கும், அதுவே சந்தேகத்தைக் கூட்டும். எப்போதோ கைதாகி வழக்குத் தள்ளுபடி ஆகியிருந்தாலும் ‘ஆம்’ என்று சொல்லி, நீதிமன்றத்தின் சான்றிட்ட நகலைக் கொடுங்கள். சிறிய வழக்கு மன்னிக்கப்படலாம். மறைத்தது மன்னிக்கப்படாது.

ஊரிலிருந்து வருபவருக்கு

ஐ-130 ஏற்கப்பட்டதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே விசாக் கட்டணம் 325 டாலர், ஐ-864 பரிசீலனை 120 டாலர். டிஎஸ்-260 படிவத்தை ஆன்லைனில் நிரப்பி ஆவணங்களை ஏற்ற வேண்டும். 16 வயதுக்குப் பிறகு வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஓராண்டு அல்லது அதற்கு மேல் இருந்தவர்கள் அந்தந்த நாட்டுக் காவல்துறைச் சான்றும் வாங்க வேண்டும். இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும், ஐ-130 நிலுவையில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். இந்தியச் சான்று பாஸ்போர்ட் சேவா வழியாகக் கிடைக்கும்.

இந்தியாவில் குடியேற்ற விசா நேர்காணல் மும்பைத் துணைத் தூதரகத்தில், சென்னையில் அல்ல. இலங்கையில் கொழும்பில். மருத்துவப் பரிசோதனையைத் தூதரகம் பட்டியலிட்ட மருத்துவரிடம் நேர்காணலுக்கு முன்பே முடிக்க வேண்டும். விசா கிடைத்ததும் அட்டைக்கான 235 டாலரை ஆன்லைனில் கட்டிவிட்டுக் கிளம்புங்கள். கட்டாமல் வந்தால் அட்டை அச்சாகாது.

இரண்டாண்டு அட்டை

கிரீன் கார்டு கிடைக்கும் நாளில் கல்யாணமாகி இரண்டாண்டு நிறையவில்லை என்றால் நிபந்தனை அட்டை, இரண்டாண்டுக்கு மட்டும். நிறைந்திருந்தால் பத்தாண்டு அட்டை. விசாவில் வருபவர்களுக்குக் கணக்கு நாட்டுக்குள் நுழையும் நாள். இரண்டாம் கல்யாண நாள் நெருங்குகிறது, விசாவும் அதுவரை செல்லும் என்றால், அந்த நாள் கழிந்து இறங்குங்கள். விசாவில் சிஆர்1 (நிபந்தனை வகுப்பு) என்று இருக்கும். விமான நிலையத்தில் திருமணச் சான்றைக் காட்டி ஐஆர்1 (நிபந்தனையற்ற வகுப்பு) என்று மாற்றச் சொல்லுங்கள். நிபந்தனையை நீக்கும் ஐ-751 மனுவும் அதற்கான 750 டாலரும் மிச்சம்.

நிபந்தனை அட்டைக்காரர்கள், அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள் ஐ-751 மனுவை இருவரும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். ஒரு நாள் முந்தினாலும் திரும்பி வரும், தவறவிட்டால் நிரந்தரவாசி நிலையே போகும். ரிசீட் நோட்டீஸ் பழைய அட்டையை 48 மாதம் நீட்டிக்கும். அட்டையோடு அதையும் பத்திரமாக வைத்திருங்கள்.

கல்யாணம் முறிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். நேர்மையாகச் செய்த கல்யாணம் விவாகரத்தில் முடிந்திருந்தால், கூட்டுக் கையெழுத்து இல்லாமலே விலக்குக் கேட்டு ஐ-751 போடலாம், அதற்கு 90 நாள் கணக்கும் இல்லை. அடி, மிரட்டல், பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்தல், “நான் கையெழுத்துப் போட்டால்தான் உனக்கு இங்கே வாழ்க்கை” என்ற பேச்சு இவற்றுக்கு நடுவே வாழும் பெண்ணும் ஆணும் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். கொடுமைக்குள்ளான துணைவர் ஐ-360 படிவத்தில் தனக்குத் தானே மனுப் போடலாம். கட்டணம் கிடையாது. மனுப் போட்ட செய்தியை அரசு துணைவரிடம் சொல்லாது, சட்டமே தடுக்கிறது. கிரீன் கார்டுக்காக அந்த வீட்டில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சேர்ந்து வாழ்பவர்களுக்கு, அட்டையில் ‘நிரந்தரவாசி ஆன நாள்’ என்று அச்சிட்ட தேதி முக்கியம். அதிலிருந்து மூன்றாண்டு, சிட்டிசன் துணையோடு தொடர்ந்து வாழ்ந்திருந்தால் குடியுரிமைக்கு என்-400 போடலாம். மூன்றாண்டு நிறைவதற்கு 90 நாள் முன்பே அனுப்பலாம். ஆன்லைனில் 710 டாலர், தாளில் 760. ஐ-751 இன்னும் நிலுவையில் இருந்தாலும் போடலாம், இரண்டையும் சேர்த்தே அதிகாரி பார்ப்பார்.